ஊசி மேல் வைத்த நாலணா

இல்ல அண்ணாச்சி, மேல வைக்க வேண்டாம். மடியிலயே இருக்கட்டும். கனந்தான், பதினாலு ரெக்கார்டு இருக்கு. பஸ்ஸுல மேல வச்சா வெயில் படும், தட்டு கோணிப் போகும். ஒரு தடவ கோணிச்சுன்னா அவ்வளவுதான், திரும்ப நிமிராது. நீங்க நல்லா சாஞ்சு உக்காருங்க. எங்க போறிய? ஆத்தூரா? சரி, அதுவரைக்கும் பேச்சுத்துணை ஆச்சு. நான் தூத்துக்குடி. மணப்பாட்டுல ஒரு முப்பதாம் நாள் பூசைக்கு வந்துட்டுப் போறேன். ரெமின்னு ஒரு அண்ணன், ரெமிஜியுஸ். கப்பல்ல வேல பாத்தாவ. போன மாசம் தவறிட்டாவ. இது அவிய ரெக்கார்டுதான். அவிய வீட்டம்மா இன்னைக்கு எங்கிட்ட குடுத்துட்டா.

சினிமாப் பாட்டு இல்ல. இது ரெகே. ஜமைக்கான்னு ஒரு தீவு இருக்குல்லா, அந்த ஊர்ப் பாட்டு. பயலுவ டீ-சர்ட்டுல சடை சடையா முடி வச்ச ஒரு ஆளு படத்தைப் போட்டுக்கிட்டு அலையுதானுவள்ல, அந்த வகை. படத்தைப் போட்டுட்டு அலையுதவன்ல நூத்துக்கு ஒருத்தன் பாட்டைக் கேட்டிருந்தா பெரிசு. நான் கேட்டிருக்கேன். முப்பத்தெட்டு வருஷமா கேக்கேன். இந்தப் பெட்டில உள்ளதுல எந்தப் பக்கத்துல எந்தப் பாட்டு எத்தனாவதுன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.

எனக்கு அப்ப ரெக்கார்டிங் கடை. பொன்ராசு ரெக்கார்டிங்னா தூத்துக்குடில தெரியாத ஆளு கிடையாது. நீங்க அந்தக் காலத்துல காகிதத்துல பாட்டு எழுதிக் கொண்டுபோயி குடுத்திருப்பியளே, பன்னெண்டு பாட்டு, ரெண்டு நாள் கழிச்சு வந்து கேசட் வாங்கிட்டுப் போவியளே, அதே கடைதான். ஆனா எங்கிட்ட சத்தம் சுத்தமா இருக்கும். ஒரு இரைச்சல் இருக்காது, ஒரு கொர்ருன்னு இருக்காது. திருநெல்வேலிலேர்ந்து பஸ் ஏறி வந்து பதிஞ்சிட்டுப் போவாவ. பெருமைக்குச் சொல்லல. பெருமைக்குத்தான் சொல்லுதேன்னு வச்சுக்கோங்க, அந்தப் பெருமைதான என்னைக் கெடுத்துச்சு.

எண்பத்தாறு. ரெமி அண்ணன் கல்யாணம் முடிஞ்சு ரெண்டு மாசத்துல திரும்பக் கப்பலுக்குக் கிளம்புறாவ. போறதுக்கு முந்தி இந்த ரெக்கார்டையெல்லாம் கடைக்குக் கொண்டு வந்தாவ. வீட்ல பிளேயர் கிடையாது, கடல்காத்துல அட்டையெல்லாம் பூத்துப்போகும், உங்கிட்டயே இருக்கட்டும்னு. ஒவ்வொண்ணையும் ஒரு கேசட்டுல பதிஞ்சு வையி, அடுத்த கப்பலுக்குக் கொண்டு போகணும்னாவ. நான் வழக்கம்போல கேட்டேன், எந்தெந்தப் பாட்டு அண்ணன், காகிதத்துல எழுதித் தாங்கன்னு. சிரிச்சாவ. "எல்லாந்தாம்லே. முழுசா. இதுல பொறுக்கக்கூடாது. முத பாட்டுலேர்ந்து கடைசிப் பாட்டு வரைக்கும் ஒரே பேச்சு. நடுவுல உருவுனா அவன் என்ன சொல்ல வந்தான்னே தெரியாது."

தொண்ணூறு நிமிஷ கேசட்டுல ஒரு பக்கம் நாப்பத்தஞ்சு நிமிஷம். ஆல்பம் முப்பத்தெட்டு நிமிஷத்துல முடிஞ்சிரும். மிச்சம் ஏழு நிமிஷம் சும்மா கிடக்குமே, ரெண்டு நல்ல சினிமாப் பாட்டு போடட்டுமான்னு கேட்டேன். கடைக்கு வாற எல்லாரும் அப்படித்தான் கேப்பாவ, காலியா விட்டா சண்டைக்கு வருவாவ. ரெமி அண்ணன் மட்டும், "அந்த ஏழு நிமிஷமும் ஆல்பந்தாம்லே, அது முடிஞ்ச பெறகு சும்மா இருக்கதுக்கு"ன்னாவ. இந்த மனுசன் கப்பல்ல என்னத்தையோ இழுத்துட்டு வந்திருக்காருன்னு நினைச்சேன்.

முத தடவ கேட்டப்ப எனக்குப் பிடிக்கல, உள்ளதச் சொல்லுதேன். நம்ம பாட்டுல தாளம் எங்க விழும்னு காலுக்குத் தெரியும். இதுல அந்த இடத்துல ஒண்ணும் இருக்காது. தட்டப்போன காலு காத்துல நிக்கும். அதுக்குப் பெறகுதான் கிட்டார் வந்து ஒரு வெட்டு வெட்டும். என்னடா இது, எல்லாரும் பிந்தி பிந்தி வாறானுவன்னு இருந்துச்சு. நான் வேற சினிமாப் பாட்டுப் பழக்கத்துல கீச்சுச் சத்தத்தைக் கூட்டி வச்சிருப்பேன். ரெமி அண்ணன் எந்திரிச்சு வந்து அதைக் குறைச்சு, அடியில கும்முன்னு ஓடுற பேஸைக் கூட்டுனாவ. கண்ணாடி அலமாரி அதிருது, உள்ள கேசட்டெல்லாம் கடகடங்குது. பக்கத்துத் தையல்கடைக்காரர் வந்து எட்டிப் பாத்துட்டுப் போறாரு. அப்பதான் அண்ணாச்சி எனக்கு விளங்கிச்சு. அந்தப் பாட்டுல பாடுதவன் முன்னால நிக்கல, பேஸுதான் முன்னால நிக்கி. அவன் அதுமேல ஏறி உக்காந்து, அவசரமே இல்லாம, தன் கஷ்டத்தைச் சொல்லுதான். வேலையில்ல, போலீசு அடிக்கான், வாடகை கேட்டு வீட்டுக்காரன் நிக்கான், எல்லாத்தையும் சொல்லுதான், ஆனா அழல. அதுதான் அதுல உள்ள விசயம். நானும் கடை போயி, சம்பாத்தியம் போயி, எல்லாம் போனப்ப இதைத்தான் கேட்டேன்.

சரி, விசயத்துக்கு வாறேன். அந்தப் பதினாலுல ஒண்ணு இருக்கு. அட்டைல படமே கிடையாது, வெறும் வெள்ளை. அது கடைல விக்கிற ரெக்கார்டு இல்ல. அண்ணன் கப்பல்ல சமையல்காரரு ஒருத்தரு ஜமைக்காக்காரரு, அவரு கூடப்பிறந்த அண்ணன் பேஸ் கிட்டார் வாசிச்சது. கொஞ்சந்தான் போட்டாவளாம். அதுல ஒண்ண ரெமி அண்ணன் கல்யாணத்துக்குன்னு அந்த மனுசன் குடுத்துவிட்டிருக்காரு. ரெமி அண்ணனுக்கு உசுரு.

அண்ணன் கிளம்பிப் போன பெறகு அதைப் பதியப் போடுதேன். ரெண்டாவது பக்கம், மூணாவது பாட்டு. பாடிக்கிட்டே இருக்கான், திடீர்னு குரல் இல்ல. போயிருச்சு. வெறும் பேஸும் டிரம்மும் ஓடுது. கொஞ்ச நேரம் கழிச்சு ஒரே ஒரு சொல்லு எங்கயோ கிணத்துக்குள்ளேர்ந்து வாற மாதிரி வருது, திரும்பவும் போயிருது. பொன்ராசு ரெக்கார்டிங்ல குரல் விழுந்துருச்சுன்னா வெளிய தலைகாட்ட முடியுமா? ஒயரைப் பாத்தேன். ஸ்பிரிட்டு போட்டு டேப்பு ஹெட்டைத் துடைச்சேன். ஊசியை மாத்துனேன். ம்கூம். அப்ப எங்க தொழில்ல ஒரு வழக்கம் உண்டு. தட்டு தேஞ்சு சத்தம் சரியா வரலைன்னா ஊசிக் கைக்கு மேல ஒரு நாலணாத் துட்டை வச்சிருவோம். கனத்துல ஊசி நல்லா அழுத்தி உக்காரும். எல்லா ரெக்கார்டிங் கடைலயும் ஊசிக்குப் பக்கத்துல ஒரு நாலணா கிடக்கும். நானும் வச்சேன். குரல் வரல. எட்டணாவ வச்சேன். பெறகு ரெண்டையும் சேத்து ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வச்சேன். அந்த ஒரே இடத்துல தூக்கித் தூக்கி வச்சு முப்பது நாப்பது தடவ ஓட்டியிருப்பேன். கடைசில கர்ர்ருன்னு ஒரு சத்தம் வந்துச்சு பாருங்க. வெளிச்சத்துல சாச்சுப் பாத்தா, அந்த இடம் மட்டும் வெளுத்துக் கிடக்கு.

நான் வேணும்னு செய்யலையே அண்ணாச்சி. நல்லா வரணும்னுதான செஞ்சேன்.

ரெமி அண்ணன் வீட்டம்மா பேரு இமெல்டா. அப்ப இருபத்தோரு வயசுப் பிள்ள, தூத்துக்குடில மாமியா வீட்ல இருந்தா. அவளுக்கு அந்த ரெக்கார்டைக் கேக்கணும்னு ஆசை. புருசன் கடுதாசில எல்லாம் அதைப் பத்தியே எழுதியிருக்காரு. அவ சித்தி வீட்ல ஒரு பிளேயர் உண்டு, அங்க போட்டுக் கேக்கேன் அண்ணேன்னு கேட்டு வாங்கிட்டுப் போனா. அடுத்த நாளே திருப்பிக் கொண்டு வந்துட்டா. முகமெல்லாம் வாடிப்போயி நிக்கா. "அண்ணே, நல்லா இருந்துச்சு. ஆனா நடுவுல ஒரு பாட்டுல கரகரன்னுச்சு. தூசியா இருக்கும்னு ஈரத்துணிய வச்சுத் துடைச்சேன். துடைச்ச பெறகு இன்னும் கூடுதலா கரகரங்குது. நான் எதுவும் பண்ணிட்டேனாண்ணே?"ன்னு கேட்டா. நான், "வையி தாயி, பாக்கேன்"னேன். அவ்வளவுதான் சொன்னேன். பொய் ஒண்ணும் சொல்லல.

அடுத்த வருசம் அண்ணன் லீவுல வந்தாவ. வந்த மறுநாளே கடைல உக்காந்துட்டாவ. வெள்ளை அட்டைய எடுத்துக் கைல வச்சுக்கிட்டு, "லேய் பொன்ராசு, அந்த மூணாவது பாட்டு கேட்டியாலே? குரல் போற இடம்?"ன்னாவ. எனக்கு ஒண்ணும் விளங்கல. குரல் போகுமா அண்ணன்னேன். "அவனுவ வேணும்னே எடுப்பானுவலே! பதிஞ்ச பெறகு குரலை உருவிருவானுவ. உருவுன பெறகுதான் கீழ என்ன ஓடிக்கிட்டிருக்குன்னு உனக்குத் தெரியும். பெறகு ஒரு சொல்ல மட்டும் தூரத்துலேர்ந்து திரும்ப விடுவானுவ பாரு, கப்பல்ல அந்தச் சமையல்காரரு போட்டுக் காட்டுனப்ப அந்த இடத்துல நான் அழுதிருக்கேன்லே. அந்த ஆல்பமே அந்த இடத்துக்குத்தாம்லே."

அது கோளாறே இல்ல, அண்ணாச்சி. அது அப்படித்தான் இருக்கணும். இல்லாத கோளாறச் சரி பண்ணப் போயி நான் அந்த இடத்தை உழுது போட்டிருக்கேன். அண்ணன் பேசிக்கிட்டே ஊசிய வச்சுட்டாவ. வருது, வருது, குரல் போகுது, பேஸ் உள்ள இறங்குது, அந்த ஒரு சொல்லு வரணும். கர்ர்ர்ர். அண்ணன் என்னைப் பாத்தாவ. என் வாய்லேர்ந்து வந்துருச்சு. "வீட்டுக்குப் போயிட்டு வந்த பெறகுதான் அண்ணன் இப்படி இருக்கு. அந்தப் பிள்ள துடைச்சேன்னுச்சு."

சத்தம் போட்டிருந்தாவன்னா கூடப் பரவாயில்ல. ரெக்கார்டை எடுத்து அட்டைக்குள்ள மெல்ல விட்டாவ. வீட்டுக்குன்னு சிங்கப்பூர்ல பிளேயர் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன், அடுத்த தடவ கொண்டு வாறேன்னு முந்தின நாள்தான் சொல்லியிருந்தாவ. அந்தப் பேச்சை பெறகு எடுக்கவே இல்ல. அடுத்த நாள் கேட்டேன், வீட்ல சண்டை எதுவும் போடலையே அண்ணன்னு. "இல்லலே, பாவம், அவளுக்கு இதெல்லாம் தெரியாது"ன்னாவ. அதுக்குப் பெறகு அவகிட்ட பாட்டைப் பத்தி ஒரு வார்த்தை பேசல போல. பேசணும்னா எங்கிட்ட வருவாவ. ஒவ்வொரு லீவுக்கும் சாயங்காலம் ஆறு மணியானா கடைல இருப்பாவ. நாங்க ரெண்டு பேரும் ஒரு ஆல்பம் முழுசா கேப்போம், திருப்பிப் போடும்போது மட்டும் பேசுவோம். அவ பிள்ளையத் தூக்கிட்டு வந்து தெருவுல நின்னு கூப்பிடுவா, படி ஏற மாட்டா. இப்ப நினைச்சா நெஞ்சு வலிக்கு. அப்ப எனக்கு அது சந்தோசமாத்தான் இருந்துச்சு, அதையும் சொல்லிருதேன்.

நீங்க கேப்பிய, முப்பத்தெட்டு வருசத்துல சொல்ல ஒரு நேரமா கிடைக்கலன்னு. கிடைச்சுது. அண்ணன் மக கல்யாணத்துல சொல்லணும்னு போனேன். அண்ணன் கோட்டுப் போட்டு சிரிச்சுக்கிட்டு நிக்காவ, அந்த முகத்தைக் கெடுப்பானேன்னு வந்துட்டேன். பெறகு அவிய வேலைய விட்டுட்டு மணப்பாட்டுக்கே வந்துட்டாவ, ரெக்கார்டுப் பெட்டியையும் கொண்டு போயிட்டாவ. வீட்ல பிளேயர் கிடையாது. மாசத்துக்கு ஒரு தடவ, கக்கத்துல ஒரு ரெக்கார்டை வச்சுக்கிட்டு, பஸ் ஏறி என் வீட்டுக்கு வருவாவ. எழுபது வயசை நெருங்குன மனுசன். ஒரு தடவ கேட்டேன், ஒரு பிளேயர் வாங்கி வீட்ல வச்சா என்ன அண்ணன்னு. "அவளுக்கு அதைப் பாத்தாலே பயம்லே"ன்னாவ. அப்பவாவது சொல்லியிருக்கலாம். டீ போட்டுக் குடுத்தேன்.

ஆசுபத்திரில கடைசில பாக்கப் போனேன். ஆக்சிஜன் வச்சிருந்தாவ. கையால சைகை காட்டுனாவ, பாட்டு போடுன்னு. செல்போன்ல ஒரு ஆல்பம் இருந்துச்சு, காதுக்குப் பக்கத்துல வச்சேன். போன்ல பேஸு வராது அண்ணாச்சி, தகரத்துல தட்டுன மாதிரிதான் இருக்கும். ஆனா அவிய விரல் போர்வை மேல சரியா அந்தப் பிந்துன இடத்துல தட்டுச்சு. அவிய மனசுக்குள்ள பேஸு ஓடிக்கிட்டிருக்கு. இமெல்டா ஸ்கிரீனுக்கு அந்தப் பக்கம் நிக்கா. சேலை நுனி கீழ தெரியுது. பாட்டு ஓடுறதுனால உள்ள வரல. உள்ள வா தாயின்னு ஒரு வார்த்தை நான் கூப்பிட்டிருக்கணும். கூப்பிடல. அவிய விரலையே பாத்துட்டு நின்னுட்டேன். ரெண்டு நாள்ல போயிட்டாவ.

இன்னைக்குப் பூசை முடிஞ்சு, சாப்பாடு முடிஞ்சு, எல்லாரும் கிளம்பின பெறகு என்னை உக்காரச் சொன்னா. மருமகனைக் கூப்பிட்டு அலமாரி மேலேர்ந்து இந்தப் பெட்டிய இறக்கச் சொன்னா. அவ தொடல. "தூசி தட்டக்கூட நான் தொட மாட்டேண்ணே. இது உங்களுக்குத்தான்"ன்னா. மருமகன் போன பெறகு, "ஒண்ணு கேக்கணும்ணே"ன்னா.

"அன்னைக்கு அந்த ரெக்கார்டை ஈரத்துணிய வச்சு நாசமாக்கிட்டேன்லா. அவிய அதைப் பத்தி என்னைய ஒரு சொல்லு சொல்லல. சொல்லியிருந்தா நானும் மன்னிச்சிருங்கன்னு கேட்டிருப்பேன். சொல்லவே இல்லயேண்ணே. நான் சாமியார்ட்ட பாவசங்கீர்த்தனத்துல எத்தனையோ தடவ சொல்லிட்டேன். சாமியாரு மாறுன ஒவ்வொரு தடவையும் சொன்னேன். இது பாவமே இல்லம்மான்னுட்டாவ. ஆனா எனக்கு ஆறல. அவிய போயிட்டாவ. அவியளுக்கு அடுத்தபடி அந்தப் பாட்டு உங்களுக்குத்தான சொந்தம். அவியளுக்குப் பதிலா நீங்க மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே."

கையெடுத்துக் கும்புடுதா, அண்ணாச்சி. என் பாவத்தை முப்பத்தெட்டு வருசமா கோயில்ல போயி அவ சொல்லிக்கிட்டிருந்திருக்கா.

முன்னால சொன்னேன்ல, அவ கேட்டு வாங்கிட்டுப் போனான்னு. அது அப்படி இல்ல. கேக்கணும்னு ஆசைப்பட்டது உண்மை. ஆனா நான்தான் சைக்கிள்ல கொண்டு போயி வீட்ல குடுத்தேன். கீறுன பெறகு குடுத்தேன். எதுக்குக் குடுத்தேன்? அவ மேல போடணும்னு நினைச்சுக் குடுத்தேனா? இத்தனை வருசமா இல்லைன்னுதான் சொல்லிக்கிட்டு வாறேன். அவ கும்புட்டுக்கிட்டு நிக்கும்போது எனக்குத் தெரிஞ்சு போச்சு, அதுக்குத்தான் குடுத்தேன்.

நான் என்ன சொன்னேன்னா கேக்கிய? வாயத் தொறந்தேன். சத்தியமா சொல்லணும்னுதான் தொறந்தேன். தப்பு அவளோடதுன்னு இருக்க வரைக்கும் ஒரு மன்னிப்புல அது தீந்துரும். என்னோடதுன்னு தெரிஞ்சா, அவிய கூட உக்காந்து கேக்காத பாட்டையெல்லாம் அவ யாருகிட்டப் போயி கேப்பா? அப்படி ஒரு எண்ணம் வந்துச்சு. அது அவளுக்காக வந்த எண்ணமா, எனக்காக வந்த எண்ணமா, தெரியல. "மன்னிச்சாச்சு தாயி"ன்னேன்.

அழுதா. ரொம்ப நேரம் அழுதா. முகத்தைத் துடைச்சுட்டு, பெறகு சிரிச்சா. இருபத்தோரு வயசுல பாத்த அதே முகம். "அப்ப இனிமே நான் கேக்கலாம்லாண்ணே?"ன்னா. என்ன தாயின்னேன். "அந்தப் பாட்டைத்தான். கடுதாசில எழுதியிருந்தாவள்லா, அவிய அழுத இடம். ஒரு தடவ அவிய கேட்ட மாதிரி உக்காந்து முழுசா கேக்கணும். ஞாயித்துக்கிழமை மகளக் கூட்டிட்டு உங்க வீட்டுக்கு வாறேன்"னா. நான் வா தாயின்னு சொல்லிட்டு இந்தப் பெட்டியத் தூக்கிட்டு பஸ் ஏறிட்டேன்.

ஆத்தூர் பாலம் வந்துருச்சு. எந்திரிக்காதிய, பஸ் நிக்கட்டும், இறங்கலாம். ஞாயித்துக்கிழமைக்கு இன்னும் மூணு நாள்தான் இருக்கு. அவ வருவா, சொன்னா வந்துருவா. நான் ஊசிய வைக்கணும். குரல் போகும், பேஸ் இறங்கும், அந்த ஒரு சொல்லு வாற இடத்துல கர்ர்ருன்னும். உடனே அவ என் முகத்தைப் பாப்பா, பாத்துட்டுத் திரும்பவும், "மன்னிச்சிருங்கண்ணே"ம்பா. அவளுக்கு நான் என்ன சொல்ல? அதைச் சொல்லிட்டு இறங்குங்க அண்ணாச்சி.